மூன்று சக்கரமும் சாயும்: அப்பாவுக்காக எலெக்ட்ரிக் டிரைசைக்கிள்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது

அப்பாவுக்கு வயது 68. சைக்கிளிலும் அப்புறம் மொபெட்டிலுமாக ஐம்பது வருடம் ஸ்ரீரங்கத்து வீதிகளைச் சுற்றி வந்தவர். போன வருடம் உள்காதில் வந்த கோளாறால் தலைசுற்றல் ஆரம்பித்தது. மருந்தில் அது கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனாலும் இனி இரண்டு சக்கர வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டிலேயே இருங்கள் என்றால் ஆறே மாதத்தில் அவர் ஒடுங்கிப் போவார். அதனால் மூன்று சக்கர மின்வண்டி ஒன்றைத் தேடக் கிளம்பினேன்.

முதலில் போன கடையில், "மூணு சக்கரம் சார், கவிழவே கவிழாது" என்றார்கள். அப்பா ஏறி ஓட்டிப் பார்த்தார். கடைக்குப் பக்கத்துச் சந்தில் இடதுபுறம் திரும்பினார். இடது பின்சக்கரம் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பியது. கூடவே ஓடிக்கொண்டிருந்த நான் பின்கூடையைப் பிடித்து அழுத்தினேன், வண்டி மறுபடி தரையில் உட்கார்ந்தது. அவர் ஒன்றும் பறக்கவில்லை. நான் பக்கத்தில் ஓடி ஈடுகொடுக்க முடிகிற வேகம்தான். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "சைக்கிளே இதுக்குத் தேவலைடா" என்றார்.

அந்த ஒரு நொடிக்குப் பிறகு விலை, மைலேஜ், நிறம் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம் ஆகிவிட்டன. அடுத்த மூன்று மாதம், எந்த வண்டி எந்த வேகத்தில் எப்படிச் சாயும் என்பதை மட்டுமே பார்த்தேன். வீட்டில் பெரியவர்களுக்கோ, கால் முடியாதவர்களுக்கோ இப்படி ஒரு வண்டி தேடுகிறவர்களுக்கு உதவும் என்று நான் கண்டதை எழுதுகிறேன்.

ஏன் சாய்கிறது?

நாலு கால் ஸ்டூல் சமமில்லாத தரையில் தடதடக்கும். முக்காலி எங்கே போட்டாலும் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதே முக்காலியின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து பாருங்கள், ஆளைக் கவிழ்த்துவிடும். மூன்று கால்களையும் கோடு போட்டு இணைத்தால் வருவது முக்கோணம். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் தூக்குக்குண்டை, வண்டியும் ஆளும் சேர்ந்த மொத்த எடையின் நடுப்புள்ளியிலிருந்து தொங்கவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். நேராகப் போகும்போது நூல் நேராகத் தொங்கும். திரும்பும்போது குண்டு வெளிப்பக்கம் ஒதுங்கும். வேகம் கூடினாலோ வளைவு நெருக்கமானாலோ இன்னும் ஒதுங்கும். முக்கோணத்தின் கோட்டைத் தாண்டிய நொடியில் உள்பக்கச் சக்கரம் எழும்புகிறது.

சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லை. திரும்பும்போது நூல் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்கு வண்டியையும் நாம் உள்பக்கம் சாய்த்துவிடுகிறோம், குண்டு டயர் போகும் கோட்டிலேயே விழுகிறது. மூன்று சக்கர வண்டியால் அப்படிச் சாய முடியாது. நிற்கும்போது அப்பாவை விழாமல் காப்பாற்றுகிற அதே அமைப்புதான் வளைவில் அவருக்கு எதிரியாகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு கடைகளில் நான் கேட்ட கேள்விகளே மாறிவிட்டன. சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? இரண்டு சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு அகலம்? ஆளின் எடை முக்கோணத்தின் அகன்ற பக்கத்தில் விழுகிறதா, கூர்மையான பக்கத்தில் விழுகிறதா? இந்த மூன்றிலேயே பெரும்பாலான விஷயம் அடங்கிவிடுகிறது.

ஆட்டோ வடிவமா, மீன்பாடி வடிவமா?

மூன்று சக்கரத்தை இரண்டு விதமாகத்தான் வைக்க முடியும். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்றால் ஆட்டோவின் வடிவம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்றால் சென்னையில் ஓடும் மீன்பாடி வண்டியின் வடிவம்.

ஆட்டோ வடிவத்தில் முக்கோணம் முன்னால் போகப் போக ஒடுங்குகிறது. திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தால் குண்டு வெளிப்பக்கமும் முன்பக்கமும் சேர்ந்து போகும், அதாவது இடமே இல்லாத மூலைக்குப் போகும். ஆட்டோக்கள் ஏன் அப்படிக் கவிழ்கின்றன என்பதற்குக் காரணம் இதுதான். சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மீதி இரண்டு சக்கரத்திலேயே 2.2 கி.மீ. ஓட்டிக் கின்னஸில் இடம்பிடித்தார். அது அவருடைய திறமை. ஆனால் அப்படி ஒரு பக்கம் தூக்கி நிறுத்த முடிகிறது என்பதே அந்த வடிவத்தின் குணத்தைச் சொல்கிறது. அமெரிக்காவில் கரடுமுரடான தரையில் ஓட்டுகிற மூன்று சக்கர மோட்டார் வண்டிகள் 80-களில் ஏராளமாக விற்றன. கவிழ்ந்த விபத்துகள் பெருகியதால், 1988-ல் அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி கம்பெனிகள் அவற்றை விற்பதையே நிறுத்தி நாலு சக்கரத்துக்கு மாறின. அவையும் முன்னால் ஒற்றைச் சக்கரம் கொண்டவைதான்.

மீன்பாடி வடிவத்தில் பிரேக் பிடித்தால் எடை அகன்ற பக்கத்துக்கு, முன்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கு, வருகிறது. வளைவில் பதறிப்போய் பிரேக்கை அழுத்துகிறவரை இந்த வடிவம் மன்னிக்கும். இயற்பியல் மட்டும் பேசினால் இதுவே மேல். ஆனால் வாங்கப் போனால் இயற்பியல் மட்டும் போதவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்களாகப் பார்த்தால்

65 கிலோ எடையுள்ள ஆள், 40 கிலோ வண்டி, 5 மீட்டர் ஆரமுள்ள வளைவு. ஒரு சாதாரணத் தெருமுனையில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைக்கும் மாதிரியில் சீட் சைக்கிளைப் போல 75 செ.மீ. உயரத்தில், பின்சக்கரங்களுக்கு இடையே 70 செ.மீ. அகலம். நான் போட்ட கணக்கில் அதன் உள்சக்கரம் 13 முதல் 14 கி.மீ. வேகத்தில் எழும்புகிறது. சந்தில் நாங்கள் பார்த்தது அதைத்தான். அதே வண்டி 25 கி.மீ. வேகத்தில் போனால் பத்திரமாகத் திரும்ப 17 மீட்டர் ஆரம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தேவையான ஆரம் நாலு மடங்காகிறது. வேகத்துக்கும் வளைவுக்கும் உள்ள இந்த உறவை அப்பாவிடம் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். பள்ளியில் கணக்கு எடுத்தவர் அவர்.

சீட்டை 60 செ.மீ.க்கு இறக்கி, பின்அச்சுக்குக் கொஞ்சம் அருகில் தள்ளி, அகலத்தை 76 செ.மீ. ஆக்கினால் அந்த எல்லை 15 கி.மீ.க்கு மேல் போகிறது. மீன்பாடி வடிவத்திலேயே, தரையோடு ஒட்டிச் சாய்ந்து படுத்தாற்போல ஓட்டுகிற வண்டி என்றால் 18 கி.மீ. வரை தாங்குகிறது. இவை தாளில் வரும் எண்கள். டயர் நசுங்கும், சாலை ஒரு பக்கம் சரிந்திருக்கும், நடுவில் ஒரு பள்ளம் வரும். உண்மையான எல்லை இதற்குக் கீழேதான் இருக்கும். வண்டிக்கு வண்டி உள்ள வித்தியாசத்தைப் பார்க்க மட்டும் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுமையைப் பற்றி ஒன்று தெரிந்தது. பின்கூடையில், தாழ்வாக, 25 கிலோ அரிசி மூட்டை இருந்தால் ஆட்டோ வடிவ வண்டி வளைவில் இன்னும் உறுதியாக நிற்கிறது. எடை அகன்ற பக்கம் போவதால் அப்படி. ஹேண்டில்பாரில் பத்து கிலோ காய்கறிப் பையை மாட்டினால் நிலைமை மோசமாகிறது. பெரியவர்கள் எல்லோரும் பையை மாட்டுவது ஹேண்டில்பாரில்தான். அப்பாவின் வண்டியில் முன்கூடையையே கழற்றிவிட்டேன்.

என்னென்ன வண்டிகளைப் பார்த்தோம்

சைக்கிளைப் போல நிமிர்ந்து உட்காரும் டிரைசைக்கிள்தான் எங்கும் கிடைக்கிறது. பழகிய உருவம், விலையும் மற்றவற்றைவிடக் குறைவு, பக்கத்து சைக்கிள் கடையிலேயே பழுது பார்த்துக்கொள்ளலாம். குறை அதன் உயரம். 26 இன்ச் சக்கரம் போட்டதை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். வண்டி சாயாததால் வளைவில் சக்கரத்தின் மேல் பக்கவாட்டில் விசை வருகிறது. ஆரக்கம்பிச் சக்கரம் மேலிருந்து கீழே வரும் எடையைத்தான் நன்றாகத் தாங்கும். பெரிய சக்கரம் பக்கவாட்டு விசையில் சீக்கிரம் கோணிப்போகும். 20 இன்ச் சக்கரம் உறுதி, வண்டியையும் தாழ்த்துகிறது.

சீட் தாழ்ந்து, பெடல் கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும் மாதிரி இரண்டாவது. முதுகுக்குச் சாய்மானம் உண்டு. உட்கார்ந்தபடியே இரண்டு பாதத்தையும் தரையில் முழுதாக ஊன்றலாம். அப்பாவுக்கு ஏறி இறங்க இதுதான் எல்லாவற்றையும்விட எளிதாக இருந்தது. வீட்டு நாற்காலி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஏற்றத்தில் நின்றுகொண்டு மிதிக்க முடியாது. மோட்டார் இருக்கும்போது அந்த வயதில் யார் நின்று மிதிக்கப் போகிறார்கள்?

தரையோடு ஒட்டிய மீன்பாடி வடிவ வண்டியை வெளிநாடுகளில் நீண்ட தூரம் பயணம் போகிறவர்கள் விரும்பி ஓட்டுகிறார்கள். திருப்பினால் கார் மாதிரி சொன்ன இடத்துக்குப் போகிறது, இரண்டு முன்சக்கரத்திலும் பிரேக் பிடிக்கிறது. ஆனால் சீட் தரையிலிருந்து 30, 40 செ.மீ. உயரம்தான். அதிலிருந்து எழுந்திருக்க அப்பாவுக்கு ஒரு கை வேண்டும். அதைவிட என்னை உறுத்தியது வேறு. அம்மா மண்டபம் சாலையில் டவுன் பஸ் ஓட்டுநரின் கண்ணுக்கு அந்த உயரத்தில் ஒரு மனிதர் போவது தெரியாது. கொடி கட்டிக்கொண்டு போகலாம்தான். கொடியை நம்பி அப்பாவை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உழவர் சந்தைக்கும் கோவிலுக்கும் போய் பத்து தடவை ஏறி இறங்குகிறவருக்கு அது பொருந்தாது. முழங்கால் நன்றாக இருக்கிற, ஊர்ப்புறத்து நல்ல ரோட்டில் நீளமாகப் போகிற ஒருவருக்கு நான் அதையே முதலில் சொல்வேன்.

அப்புறம் சைடு வீல் ஸ்கூட்டர். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தருகிற இணைப்புச் சக்கர ஸ்கூட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். மின்சார ஸ்கூட்டரிலும் அதேபோல் பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தித் தருகிறார்கள். பேட்டரியும் மோட்டாரும் தாழ்வாக இருப்பதாலும், சக்கர அகலம் ஒரு மீட்டருக்கு அருகில் வருவதாலும், நிலைத்தன்மைக் கணக்கில் இது நன்றாகவே தேறுகிறது. ஏறக்குறைய படுத்து ஓட்டும் வண்டிக்குச் சமம். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. இது 40 கி.மீ. வேகத்தில் சர்வசாதாரணமாகப் போகும், அந்த வேகத்தில் திரும்ப 24 மீட்டர் ஆரம் கேட்கும். இன்னொன்றும் உண்டு. மேடு பள்ளமான இடத்தில் இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் ஏறிக்கொண்டால் நடுவில் இருக்கும் ஸ்கூட்டரின் சொந்தச் சக்கரம் அந்தரத்தில் சுற்றும், உந்துவிசையும் போகும், அந்தச் சக்கரத்தின் பிரேக்கும் போகும். பக்கச் சக்கரங்களுக்குத் தனி ஸ்பிரிங் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆர்.டி.ஓ.வில் மாற்றியமைத்த வண்டியாகப் பதிந்து, அதற்கான லைசென்ஸும் எடுக்க வேண்டும். காலில் பலமில்லாத, ஆனால் தலைசுற்றல் எதுவும் இல்லாத, தினமும் 15, 20 கி.மீ. வேலைக்குப் போகிற ஒருவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. என் அப்பாவுக்கு அந்த வேகம் தேவையில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் நியோபோல்ட் இருக்கிறது. நாற்காலியின் முன்னால் மோட்டார் சக்கரத்தை மாட்டினால் 25 கி.மீ. வேகம் வரை சாலையில் போகலாம், நாற்காலியை விட்டு இறங்கவே வேண்டாம். நடக்க முடிகிற அப்பாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வளைவில் தானே சாய்ந்துகொடுக்கும் மூன்று சக்கர ஸ்கூட்டர்களும் உலகத்தில் உண்டு. பியாஜியோ எம்.பி.3 அப்படி 2006-ல் வந்தது. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் சாயத் தெரிந்த வண்டி, பூட்டிவைக்காவிட்டால், நிற்கும்போதும் சாயும். சமநிலை போனவருக்கு நிற்கும் நேரம்தான் ஆபத்து என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

ஒரே வடிவத்துக்குள்ளும் எவ்வளவு வித்தியாசம்

இரண்டாவது மாதிரி என்று மனதில் முடிவான பிறகுதான் உண்மையான அலைச்சல். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு வண்டிகள் ஓட்டும்போது வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன.

மோட்டார் எந்தச் சக்கரத்தைச் சுற்றுகிறது என்று கேளுங்கள். முன்சக்கரத்து ஹப்பில் மோட்டார் இருந்தால் செய்வது சுலபம், விலை குறைவு. ஆனால் ஆட்டோ வடிவத்தில் முன்சக்கரத்தின் மேல் எடை குறைவு. ஈரமான சாய்வுத்தளத்தில் அது வழுக்கிச் சுற்றும். ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரைத் திருகினால் திருப்பிய பக்கமே இழுத்துக்கொண்டு போகும். பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஓட்டுகிற மலிவான வண்டிகளும் உண்டு. அவை கிளம்பும்போது லேசாக ஒரு பக்கம் இழுக்கும். பின்அச்சில் டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கர அமைப்போடு மோட்டார் இருப்பதுதான் சரி. இரண்டு சக்கரமும் ஓடுகிறது, வளைவில் வெளிச்சக்கரம் வேகமாகச் சுற்ற வழி இருக்கிறது, மோட்டாரின் எடையும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

பேட்டரியும் அப்படித்தான். நாலு லெட்-ஆசிட் பேட்டரிகள் சேர்ந்தால் 16 கிலோவைத் தாண்டும், அதே அளவு லித்தியம் பேட்டரி அதில் பாதிகூட வராது. எடை குறைவு என்று லித்தியத்தை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள், ஆயுளுக்கு அது சரியும்கூட. ஆனால் நான் பார்த்த ஒரு வண்டியில் அந்த லித்தியம் பெட்டியைச் சீட்டுக்குப் பின்னால் தோள் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். எதை வாங்கினாலும் பேட்டரி பின்அச்சுக்குப் பக்கத்தில், கூடைக்கு அடியில் இருக்க வேண்டும்.

பெடலைத் தொட்டதும் மோட்டார் துணைக்கு வரும் வண்டிகளில், மலிவான சென்சார் பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். பாதி சுற்றுச் சுற்றியதும் முழு வேகத்தில் தள்ளும். தெருமுனையில் நின்று, ஹேண்டிலைத் திருப்பி வைத்துக் கிளம்பும்போது அந்தத் தள்ளல் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று பார்த்து அந்த அளவுக்கே உதவுகிற சென்சார் விலை அதிகம். அது கிடைக்காவிட்டால், பெடல் உதவியை அணைத்துவிட்டுக் கையால் திருகும் ஆக்ஸிலேட்டரை மட்டும் வைத்துக்கொள்வது மேல். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பிரேக் விஷயத்தில் கடைகளின் பேச்சை நம்பாதீர்கள். "முன்னால் டிஸ்க் பிரேக்" என்று பெருமையாகக் காட்டுவார்கள். ஒற்றை முன்சக்கரத்தில் மட்டும் வலுவான பிரேக் இருப்பது, வளைவில் நான் முன்னால் சொன்ன கூர்மூலைக்கு எடையைத் தள்ளுகிற ஏற்பாடு. பின்னால் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும் பிரேக் வேண்டும். பிரேக் லீவரைத் தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். நிறுத்திவைக்கும்போது லீவரைப் பூட்டும் வசதி வேண்டும். சைக்கிளை ஸ்டாண்ட் போட்டால் போதும், மூன்று சக்கர வண்டி சரிவில் தானாக உருண்டு போய்விடும். ஏறி உட்காரும்போது வண்டி நகர்ந்ததால் விழுந்தவர்களும் உண்டு.

கடையில் நாமே சோதித்துப் பார்க்க இரண்டு வழிகள் வைத்திருந்தேன். ஒன்று, டேப்பால் சீட் உயரத்தையும் பின்சக்கரங்களின் இடைவெளியையும் அளப்பது. இடைவெளி சீட் உயரத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவேன். இது நானே வைத்துக்கொண்ட விதி, ஆனால் கணக்கோடு ஒத்துப்போகிறது. இன்னொன்று, வீட்டு எடை மெஷினை எடுத்துப்போய் முன்சக்கரத்துக்கு அடியில் வைத்து, பின்சக்கரங்களுக்கு அடியில் அதே உயரத்துக்குப் பலகை போட்டு, அப்பாவை ஏறி உட்காரச் சொல்வது. மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முன்சக்கரத்தில் இருந்தால் ஆள் கூர்மூலைக்கு மிக அருகில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போனாலும் நல்லதில்லை, சாய்வுத்தளத்தில் ஏறும்போது முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பேச்சைக் கேட்காது. நாங்கள் வாங்கிய வண்டியில் முதலில் 38 கிலோ காட்டியது. சீட்டை நாலு விரல் பின்னால் தள்ளியதும் 31-க்கு வந்தது.

சட்ட விஷயம் சுருக்கமாக: மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாக, வேகம் 25 கி.மீ.க்குக் குறைவாக இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தின் சான்றும் இருந்தால் பதிவு, லைசென்ஸ் தேவையில்லை. அந்தச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது.

சைக்கிள் பழக்கத்தை மறப்பது

சைக்கிளே ஓட்டத் தெரியாத அம்மா பத்து நிமிடத்தில் இந்த வண்டியை ஓட்டினார். ஐம்பது வருட அனுபவமுள்ள அப்பாவுக்கு ஒன்பது நாள் ஆனது. முதல் நாள், காலியான நேரான வீதியில், வண்டி மெல்ல மெல்ல இடதுபக்கம் ஒதுங்கிச் சாக்கடை ஓரம் வரை போய் நின்றது. "ஹேண்டில் இழுக்குது, வண்டியில கோளாறு" என்றார். நான் ஏறி ஓட்டினேன், எனக்கும் அப்படியே ஆனது.

கோளாறு வண்டியில் இல்லை. மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடதுபுறம் போகும் நம் வண்டி எப்போதும் லேசாக இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும். சைக்கிளில் இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கமே ஹேண்டிலைத் திருப்பித்தான் விழாமல் நிமிர்கிறோம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்கிறது. மூன்று சக்கர வண்டியில் அதே கை அதே வேலையைச் செய்தால் வண்டி இன்னும் ஓரத்துக்குத்தான் போகும். அங்கே இன்னும் சரிவு, கை இன்னும் திருப்பும். உடம்பு நம்புகிற ஒரு விஷயத்தை மாற்ற நாள் பிடிக்கும். கண்ணை முன்சக்கரத்திலிருந்து எடுத்து முப்பதடி தள்ளி வைத்ததும் பாதி சரியானது.

மைதானத்தில் இரண்டு செங்கல்லை எட்டு மீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போடச் சொன்னேன். மூன்று விஷயங்களைத் திரும்பத் திரும்பச் செய்தார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் இருப்பது, இடுப்புக்கு மேல் உடம்பைத் திரும்புகிற பக்கம் சாய்ப்பது. வண்டி சாயாது என்பதால் ஆள்தான் சாய வேண்டும். இந்தச் சாய்வு தூக்குக்குண்டை உள்ளே இழுத்துவிடுகிறது.

கால் விஷயத்தை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வேகம் குறைந்ததும் சைக்கிள்காரர் காலைத் தரையில் ஊன்றுவார். இதில் அப்படிச் செய்தால் பின்னால் வரும் சக்கரம் குதிகாலில் ஏறும். ஏழாம் நாள் அப்பாவுக்கு அப்படி ஆகி, தோல் உரிந்தது. அன்றிலிருந்து பின்பட்டை வைத்த செருப்புதான் போடுகிறார், வண்டி முழுதாக நிற்கும்வரை கால் பெடலை விட்டு இறங்குவதில்லை.

பள்ளங்களுக்கு இவ்வண்டியில் ஏமாற்று வழி இல்லை. சைக்கிளுக்கு ஒரு தடம், காருக்கு இரண்டு தடம். இதற்கு மூன்று. முன்சக்கரத்தை விலக்கினால் பின்சக்கரங்களில் ஒன்று விழும். விழட்டும் என்று, மெதுவாக, ஒரே பின்சக்கரத்தை இறக்கி ஏற்றுவதுதான் வழி. வேகத்தடையை நேராகக் கடக்க வேண்டும். கோணலாக ஏறினால் ஒரு பின்சக்கரம் முதலில் ஏறி ஆளை மறுபக்கம் தள்ளும்.

எங்கள் ஊர், எங்கள் முடிவு

ஸ்ரீரங்கம் இந்த வண்டிக்குப் பாதி நல்ல ஊர், பாதி கடினமான ஊர். கோவிலைச் சுற்றி உத்திர வீதிகள், அதற்கு வெளியே சித்திரை வீதிகள், அதற்கும் வெளியே அடையவளைந்தான் வீதிகள். எல்லாம் சமதளம், நேர் வீதிகள். ஆனால் ஒவ்வொரு மூலையும் செங்கோணம். சித்திரை வீதியில் தேர் திரும்ப வேண்டும் என்பதால் மூலைகள் விசாலமாக இருக்கின்றன. குறுக்குச் சந்துகளில் அந்தத் தாராளம் இல்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக்குள் போக வேண்டாம் என்று பேசி வைத்துக்கொண்டோம். பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும் இடத்தில் 76 செ.மீ. அகல வண்டி ஒதுங்க இடமில்லை.

தாழ்ந்த சீட், 20 இன்ச் சக்கரங்கள், பின்அச்சு மோட்டார் உள்ள ஆட்டோ வடிவ வண்டியை வாங்கினோம். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் அதிகபட்ச வேகத்தை 15-ல் நிறுத்திவைத்தேன். சந்து முனையில் ஆக்ஸிலேட்டரைக் குறைக்க ஒருநாள் மறந்தாலும் கணக்கின் எல்லைக்குள் இருக்கட்டும் என்பதற்காக. திண்ணை வைத்த பழைய வீடு என்பதால் வாசல்படிக்குச் சாய்வுப்பலகை ஒன்று செய்தோம். அகலமாக, இரண்டு ஓரத்திலும் சட்டம் அடித்து, பின்சக்கரம் ஓரத்தில் இறங்கிவிடாதபடி. வண்டியின் அகலத்தை அளந்தபோதே கேட்டின் அகலத்தையும் அளந்திருக்க வேண்டும், கேட்டின் தாழ்ப்பாள் கம்பியை வெட்டி மாற்ற வேண்டியதாயிற்று.

நாலு மாதம் ஆகிறது. காலையில் கோவில், பிறகு சந்தை, சாயங்காலம் நூலகம். ஒரு தடவைகூடச் சக்கரம் எழும்பவில்லை. வேகத்தை 18 ஆக்கிக் கொடு என்று இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறார். 18-க்கு 7 மீட்டர் ஆரமாவது வேண்டும் என்று அவருக்கே கணக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சந்து சித்திரை வீதியில் சேரும் முனையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டம் வருவதற்கு முன், இரண்டு பேருமாக டேப்பைப் பிடித்து அளப்பதாக இருக்கிறோம்.